செவலை பால் எறக்க மாட்டேங்குது

மாட்டு வாசம் அடிக்குதுங்களா தம்பி? அடிச்சா அடிக்கட்டுமுங்க. மூக்கைப் பொத்தோணும்னா தாராளமாப் பொத்திக்குங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டன். சலவை வேட்டி கட்டிட்டுத்தான் போனன், இருந்தாலும் அடிக்குது. இந்த வாசத்துலதான் என்ற புள்ள தாரணி ஈரோட்டுல காலேஜ் படிக்குது. இந்த வாசத்துலதான் தார்சு ஊடு கட்டுனன். அப்புறம் இதுக்கு நான் எதுக்குங்க வெக்கப்படோணும்?

மாமனார் ஊட்டுக்குப் போயிட்டு வாரனுங்க. முத்தூர்ப் பக்கம். விருந்து, ஒறம்பரைக்கெல்லாம் இல்லீங்க. பொண்டாட்டியக் கூட்டியாரப் போனன். பாருங்க, பஸ்ஸுல பக்கத்துல நீங்கதான் உக்காந்திருக்கறீங்க, அவ இல்லை. வரமாட்டாளாம். நான் அவளைச் சரியாப் பாத்துக்கலையாமா. மாட்டுக்குச் செஞ்சதுல பாதி அவளுக்குச் செஞ்சிருந்தா அவ ஆசுபத்திரியில கெடந்திருக்க மாட்டாளாமா. நர்சம்மா சொல்லுது, மச்சினன் சொல்றான், மச்சினன் பொண்டாட்டி சொல்லுது, கடைசியில நான் பெத்த புள்ளயும் சொல்லுது. ஊர் பூரா இதே பேச்சு. நீங்க வெளியூராளு, உங்களுக்கு அவிய பக்கமும் இல்லை, என்ற பக்கமும் இல்லை. நீங்களே கேட்டுப்போட்டு ஒரு நாயத்தைச் சொல்லுங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. கரட்டுப்பாளையத்துல போயி, மாட்டுக்கார நாச்சிமுத்து ஊடு எதுன்னு கேட்டீங்கன்னா சின்னக் குழந்தை கூடக் கையக் காட்டும். நான் படிச்சவனில்லை. ஆனா ஒரு மாட்டைப் பாத்தன்னா அதுக்கு என்ன கொறைன்னு சொல்லிப்போடுவன். இந்தச் செவலை மாடு இருக்குது பாருங்க, சந்தையில இருந்து ஓட்டியாந்த புதுசுல மாடு கட்டற கட்டுத்தாரைச் செவுத்தை நக்கிட்டே நிக்கும். நக்குன்னா நக்கு, சுண்ணாம்பு பூராத்தையும் நக்கிச் செங்கல்லு தெரிய வெச்சுப்போடுச்சு. கொடியில கெடக்கற துணியச் சவைக்கும். வேலியோரம் கெடக்கற எலும்பத் தேடிக் கடிக்கும். அக்கம்பக்கத்துல எல்லாரும், கெரகம் புடிச்ச மாட்டை வாங்கியாந்துட்டீங்க, மறுக்கா ஓட்டீருங்கன்னாங்க. நான் கேக்கலீங்க. மாடு கிறுக்குப் புடிச்சு நக்கறதில்லை, ஒடம்புல ஏதோ ஒண்ணு இல்லாமத்தான் நக்குது, அதுக்கு வாயிருந்தாக் கேட்கும், வாயில்லாததுனால செவுத்தைத் தேடுதுன்னு நான் சொன்னனுங்க. மாட்டு டாக்டரும் வந்து பாத்துட்டு அதையேதான் சொன்னாரு. தாது உப்பு பத்தலைன்னாரு.

அன்னைக்கே காங்கேயம் போயி உப்புக்கட்டி வாங்கியாந்து கட்டுத்தாரையில தொங்க விட்டன். நீங்க பாத்திருக்க மாட்டீங்க, செங்கல்லு மாதிரியே செவப்பா இருக்கும். மாடு வேணுங்கறப்ப நக்கிக்கும். தவுட்டுல தாதுப் பொடி கலந்து வெச்சன். ஒரு மாசம் ஆகலை, செவுத்துப் பக்கம் திரும்பிப் பாக்கலை. மயிரு பளபளன்னு ஆயிருச்சு, கண்ணு தெளிஞ்சுது, பாலு எச்சாச்சு. தீனிதானுங்க எல்லாம். நீங்க உள்ள போடறதுதான் வெளிய வரும். தீவனத்தைச் சட்டுனு மாத்துனீங்கன்னாப் பாலு தண்ணியாப் போயிரும். வெயில் ஏறுச்சுன்னா மாடு தீனியக் கொறைச்சுப்போடும், அப்பப் பாலும் கொறையும். அதுக்காக நான் கட்டுத்தாரைக்குத் தென்னங்கீத்துல கூரை போட்டன். சிமிட்டி அட்டை போட்டா மாட்டுக்கு அனல் ஆகாதுங்க. சமையக்கட்டுக்குத்தான் சிமிட்டி அட்டை. அங்க யாரு நாள் பூரா நிக்கறா, சமைக்கற நேரம் மட்டும் நின்னுட்டு வரப்போறா. பால் சொசைட்டியில நல்ல பாலு ஊத்துனதுக்கு ஒரு பேன் பரிசு குடுத்தாங்க. அதையுங் கட்டுத்தாரையிலதான் மாட்டிவெச்சன். பேனு ஓடுனா ஈ வராது, மாடு நின்ன எடத்துல நிம்மதியா அசை போடும்.

சொல்லுங்க, இப்பிடிப் பாக்கறவனா பொண்டாட்டியப் பட்டினி போடுவான்?

அவ பேரு வசந்தாமணிங்க. நல்லவதான். நான் இல்லைன்னு சொல்ல மாட்டன். வேலைன்னா வேலை, கோழி கூப்பிட எந்திரிச்சான்னா பொழுது எறங்கற வரைக்கும் உக்கார மாட்டா. மாட்டுச் சாணி, சோளத்தட்டு அறுக்கறது, தண்ணி காட்டறது, வெடியால கறவை, பொழுதோட கறவை, எல்லாம் அவதான். பாக்கறது நானு, செய்யறது அவ. ஆனா ஒரே ஒரு கெட்ட பழக்கமுங்க. அரிசி திம்பா. சோறு இல்லீங்க, பச்சை அரிசி. டிரம்முல கைய உட்டு ஒரு புடி அள்ளி முந்தானையில முடிஞ்சுக்குவா. கறக்கறப்பவும் வாயி மென்னுட்டே இருக்கும். சின்னப்புள்ளையில இருந்தே அப்பிடியாமா.

அரிசி திங்கற புள்ளைக்குக் கண்ணாலத்துல மழை பேயும்னு சொல்லுவாங்கல்ல? எங்க கண்ணாலத்துல பேஞ்சுதுங்க. பந்தல் ஒழுகி, பந்தியில எலை மெதந்துச்சு. அப்பத் தொட்டு நானும் அவளை ஓட்டிட்டே இருப்பன். எங்கியாச்சும் விசேசம்னு கூட்டிட்டுப் போனா, மழைக்காரி வாரா, கொடையத் தயாரா வெச்சுக்குங்கன்னு சொல்லுவன். எல்லாரும் சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா. அதுல என்னங்க தப்பு? புருசன் பொண்டாட்டிக்குள்ள இந்தச் சீண்டல் இல்லீன்னா அப்புறம் என்ன குடும்பம்?

ஆனா வயசு ஏற ஏறக் கொறையோணுமில்ல? கூடிப்போச்சுங்க. தாரணி காலேஜுக்குப் போன பொறகு இன்னும் எச்சு. மூஞ்சி வெளிறிக் கெடக்கும், படி ஏறுனா மேமூச்சு வாங்கும். மாசாமாசம் அந்தப் பொம்பளைங்க சமாச்சாரமும் நெம்பப் படுத்துதுன்னு தாரணிகிட்டச் சொல்லியிருக்கறா. என்கிட்டச் சொல்லலை. நான் என்ன நெனச்சன்னா, இந்தப் பச்சை அரிசியத் தின்னு தின்னுதான் ஒடம்பு வெளுக்குதுன்னு நெனச்சன். சோத்தைத் தின்ன மாட்டா, அரிசியத் திம்பா, அப்புறம் எப்பிடி ஒடம்பு தேறும்? அதனால டிரம்முக்கு ஒரு பூட்டுப் போட்டன். ஒலைக்கு வேணுங்கற அரிசிய நானே அளந்து குடுத்துட்டுச் சாவிய இடுப்புல வெச்சுக்கிட்டன். அவ நல்லதுக்குத்தானுங்க. புள்ளைக்கு மண்ணு திங்கற பழக்கம் இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க, கையத் தட்டி உட மாட்டீங்களா?

அந்தச் சமயத்துலதான் பள்ளிக்கூடத்துல முகாம் போட்டு ரத்தம் பாத்தாங்க. நர்சம்மா ஊட்டுக்கே வந்துருச்சு. ரத்தமே இல்லீங்கய்யா, இப்பிடியே உட்டா நெஞ்சுக்கு ஆபத்து, கீரை, முட்டை, ஈரல் இதெல்லாங் குடுங்க, ஸ்கேன் எடுங்கன்னு அடுக்கிட்டே போச்சு. ஒரு டப்பா மாத்திரையும் குடுத்துச்சு. மாத்திரை போட்டா காப்பித்தண்ணி குடிக்கக் கூடாதுன்னுச்சு. எங்கூட்டுல எப்பவும் வரக்காப்பிதானுங்க. பாலு சொசைட்டிக்குப் போயிருமில்ல, அதுல கைய வெச்சா அளவு கொறையும். பாலு ஊத்தறவன் பாலு குடிச்சா வெளங்குமா? வசந்தாமணி ரெண்டு நாளைக்கு மாத்திரை போட்டா, வயித்தைப் பொரட்டுதுன்னா. பொரட்டுனா உட்டுருன்னு நாந்தான் சொன்னன். கட்டாயப்படுத்தலை பாத்தீங்களா? மீதி மாத்திரைய வீணாக்க வேண்டாம்னு, ஒரு கன்னுக்குட்டி அப்ப வெளுத்துக் கெடந்துச்சு, அதுக்குப் பொடி பண்ணித் தண்ணியில கரைச்சு ஊத்துனன். எல்லாம் சத்து மாத்திரைதானுங்களே. கன்னு என்னமாத் தேறிருச்சுங்கறீங்க.

இதைத்தான் மச்சினன் பொண்டாட்டி ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியுது. பொண்டாட்டி மாத்திரையப் புடுங்கிக் கன்னுக்குக் குடுத்தவன்னு. நான் எங்கீங்க புடுங்குனன்? அவ வேண்டாம்னுதானே சொன்னா?

செரி, இப்பச் சொல்லப் போறதுதான் முக்கியம். இதைக் கேட்டுப்போட்டு நீங்க யாரு பக்கம்னு சொல்லுங்க.

அரிசி டிரம்மைப் பூட்டுன பொறகு ஒரு நா பொழுதோட கட்டுத்தாரைக்குப் போறன். சொசைட்டிச் செயலாளரு ஊட்டுக்கு வந்திருக்கறாரு, செவலையக் காட்டறதுக்குக் கூட்டிட்டுப் போறன். அங்க போனா, இவ செவலைக்குப் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்திருக்கறா. கையில உப்புக்கட்டி. கல்லுல தட்டி ஒரு மூலைய ஒடைச்சு வாயில போட்டுட்டிருக்கறா. ஒதடெல்லாஞ் செவப்பு. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? வெளியாளு முன்னால. மாட்டுத் தீனியத் திங்கற பொம்பளைய உலகத்துல எங்கியாச்சும் பாத்திருக்கறீங்களா? மானம் போச்சுங்க. நான் கத்திப்போட்டன். ஏண்டி, அரிசியப் பூட்டி வெச்சா மாட்டுதைத் திருடித் திங்கறயா, அது வாயில்லா ஜீவன், அது பங்கையும் புடுங்கறயா, உனக்கு வாயிருக்குதில்ல, வேணுங்கறதைக் கேட்டா என்ன கேடுன்னு கேட்டன்.

அவ பதறலைங்க. வாயத் தொடைச்சா. எந்திரிச்சு நின்னா. செயலாளரு நிக்கறாருங்கறதையும் பாக்கலை.

"செரிங்க, கேக்கறன். என்னையும் ரெண்டு மாசம் வத்த உடுங்க."

உங்களுக்குப் புரியலை போல இருக்குது. செனையா இருக்கற மாட்டைக் கன்னு போடறதுக்கு ரெண்டு மாசம் முந்தியே கறக்கறதை நிறுத்திப்போடுவமுங்க. அதைத்தான் வத்த உடறதுங்கறது. கறந்துட்டே இருந்தா அது ஒடம்புல என்ன இருக்கும்? அந்த ரெண்டு மாசம் வேலை கெடையாது, தீனி மட்டும் போட்டு நிம்மதியா நிறுத்தி வெப்பம். செவலைய அப்பத்தான் வத்த உட்டிருந்தன். அதைப் பாத்துட்டு இவ எனக்கே மாட்டு நாயம் பேசறா. எகத்தாளந்தானுங்க? செயலாளரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் சிரிச்சு மழுப்பி, வாங்க டீக்கடைக்குப் போலாம்னு அவரைக் கூட்டிட்டுப் போயிட்டன். வசந்தாமணி அதுக்கப்புறம் என்ற மூஞ்சியப் பாக்காமயே வேலையப் பாத்துட்டிருந்தா. நானும் உட்டுட்டன். பொம்பளை கோவம் எத்தனை நாளைக்கு?

செவலை கன்னு போட்டுச்சு. கடாரிக் கன்னு, பொட்டை. பாலு குடங் குடமா எறங்குச்சு. எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. ஒரு நா வெடியால கறந்துட்டு எந்திரிச்சவ அப்பிடியே சாஞ்சுட்டாளுங்க. நான் பக்கத்துலதான் நின்னன். கேன் உருளப் பாத்துச்சு, ஒரே தாவாத் தாவி அதைப் புடிச்சுட்டன், ஒரு சொட்டுச் சிந்தலை. மாடு மெரண்டு ஒதைச்சா அவ மேலதான் படும், அதனால மாட்டை அவுத்து அக்கட்டால கட்டிட்டு வந்துதான் அவளைத் தூக்குனன். இதையும் ஒரு குத்தமாச் சொல்றாங்க. எது முதல்லன்னு எனக்குத் தெரியாதா? கறவைக்காரனுக்குக் கை தானாப் போகும் தம்பி.

ஆம்புலன்ஸ் வந்துச்சு, பெரியாசுபத்திரிக்குப் போனம். அங்க ஒரு டாக்டரம்மா, சின்னப்புள்ளதான், தாரணியவிட நாலஞ்சு வயசு மூத்ததா இருக்கும். ரத்தம் இவ்வளவு கொறைஞ்சு இவங்க எப்பிடி நடமாடிட்டு இருந்தாங்கன்னு என்னயக் கேக்குது. எனக்கென்னங்க தெரியும், நடமாடிட்டுத்தான் இருந்தா. பச்சை அரிசி, மண்ணு, சாம்பல் இப்பிடி எதையாச்சும் திம்பாங்களான்னு கேட்டுச்சு. ஆமாங்க, அதுதான் வியாதி, அந்தப் பழக்கத்தை நிறுத்த ஏதாச்சும் மருந்து குடுங்கன்னன். அந்தப் புள்ள என்னய ஒரு மாதிரிப் பாத்துச்சு. அது பழக்கம் இல்லீங்க, ஒடம்புல இரும்புச் சத்து இல்லாதவங்கதான் அப்பிடித் தேடித் திம்பாங்க, அரிசி தின்னு ரத்தம் போகலை, ரத்தம் போனதுனாலதான் அரிசி தின்னாங்கன்னுச்சு. அப்புறம், உங்க வீட்டுல பாலு யாரு குடிக்கறீங்கன்னு கேட்டுச்சு. ஒரு சொட்டு ஊட்டுக்கு நிறுத்தறதில்லீங்கம்மா, அத்தனையும் சொசைட்டிக்குத்தான்னு நான் நெஞ்சை நிமுத்திச் சொன்னன். அதை எதுக்குக் கேட்டுச்சுன்னு இன்னும் எனக்குத் தெரியலை.

ரத்தம் ஏத்துனாங்க. மச்சினன் குடுத்தான், அதையுமில்ல இப்பச் சொல்லிக் காட்டறான். என்னயுந்தான் குடுக்கச் சொன்னாங்க. நான் மாட்டேன்னு சொல்லலை. பொழுது எறங்குது, அங்க மாடு மடி கட்டிட்டு நிக்குது, நான் எப்பிடிங்க ஆசுபத்திரியில உக்காந்திருக்கறது? வந்துட்டன். மறுக்காப் போறதுக்குள்ள மச்சினன் அவளை அவனூட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டான். கர்ப்பப்பையில கட்டியாமா, அதுதான் மாசாமாசம் அப்பிடிப் படுத்தியிருக்குது. ஒடம்புல ரத்தம் ஊறுன பொறகுதான் ஆப்பரேசன் பண்ணுவாங்களாமா. அதுவரைக்கும் இங்கதான் இருப்பான்னு சொல்லி அனுப்பிட்டான்.

நான் சண்டைக்குப் போகலை. போகட்டும், பொறந்த ஊட்டுல நாலு நாள் இருக்கட்டும்னு உட்டுட்டன். நல்ல மனசுதானுங்க எனக்கு. பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, செவலைகிட்ட.

அது பால் எறக்க மாட்டேங்குது தம்பி. மொத நாள் நான் உக்காந்தன். காம்பைத் தொட்டதுமே திரும்பிப் பாத்துச்சு. கன்னை உட்டன், கன்னுக்குச் சொரக்குது. கன்னை இழுத்துக் கட்டிட்டு நான் புடிச்சா அடக்கிக்குது. ஆடற மாட்டை ஆடிக் கறக்கோணும், பாடற மாட்டைப் பாடிக் கறக்கோணும்னு சொல்லுவாங்க. நான் எல்லாம் பண்ணிப் பாத்துட்டன். வெல்லம் குடுத்தன், முதுகை நீவி உட்டன். சிரிக்காதீங்க, வசந்தாமணி சீலைய எடுத்து மேல சுத்திட்டுக் கூட உக்காந்தன். மோந்து பாத்துச்சு. ஒரு நிமிசம் காது ரெண்டையும் ஆட்டுச்சு, ஆகா வந்துருச்சுன்னு நெனச்சன். அப்புறம் என் மூஞ்சியப் பாத்துப்போட்டு ஒரு ஒதை. கை மணிக்கட்டுல பாருங்க, வீக்கம் இன்னும் வத்தலை. பக்கத்துத் தோட்டத்துப் பொம்பளைகளையும் கூப்பிட்டுப் பாத்தாச்சு, ஆரையும் அண்ட உடலை. தீனி அதேதான், தண்ணி அதேதான், உப்புக்கட்டி தொங்குது, பேனு ஓடுது. எதுலயும் கொறை வெக்கலை. இருந்தும் மடியில பாலை வெச்சுக்கிட்டு நிக்குது. மடி வீக்கம் வந்துச்சுன்னா மாடு பாழாப் போயிரும். டாக்டரு வந்து பாத்தாரு. மாட்டுக்கு ஒரு நோவும் இல்லை நாச்சிமுத்து, மனசு நெலையா இருந்தாத்தான் மாடு பாலு எறக்கும், அது ஆளைத் தேடுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அதுக்காகத்தான் இன்னைக்குப் போனனுங்க. வேலை மெனக்கெட்டுப் போனன்.

போனா, ஊட்டு முன்னால ஆசாரத்துல உக்காந்து தின்னுட்டிருக்கறா. ராயிக்களியும் முருங்கக்கீரையும். எல்லாரும் ஒட்டுக்கா உக்காந்து திங்கறாங்க, இவளும் நடுவால உக்காந்து திங்கறா. எங்கூட்டுல நானும் தாரணியும் தின்ன பொறகு அடிச்சட்டியில இருக்கறதைத்தான் திம்பா. அவ அப்பிடித்தான், நானா அப்பிடித் திங்கச் சொன்னன்? மாட்டைப் பாக்கற கண்ணுதான எனக்கு, பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. மூஞ்சி தெளிஞ்சிருக்குது. கண்ணு கீழ் ரெப்பையில செவப்பு வந்திருக்குது. முடியில எண்ணெய்ப் பளபளப்பு. ஒடம்பு தேறிட்டு வருது. அப்பாடா, இனிக் கூட்டிட்டுப் போயிரலாம்னு எனக்குச் சந்தோசந்தான்.

மச்சினன் பொண்டாட்டி தண்ணி கொண்டாந்து வெச்சுப்போட்டு, இங்க அரிசி மூட்டை தெறந்துதான் கெடக்குது, உங்க பொண்டாட்டி ஒரு மணி தொடலீங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. குத்திக் காட்டறதுன்னா அதுகிட்டத்தான் கத்துக்கோணும். நான் கண்டுக்காம வசந்தாமணிகிட்ட, கெளம்பு, ஒடம்புதான் தேறிருச்சுல்லன்னன். அவ வட்டலை வழிச்சுத் தின்னு முடிச்சா. கையக் கழுவிட்டு வந்து நின்னா.

"நான் வரலீங்க. இங்க வந்த பொறகு எனக்குப் பசிக்குதுங்க."

இது ஒரு பதிலா தம்பி? பசிக்குதாமா. பசிச்சா எங்கூட்டுல திங்க வேண்டாம்னு யாரு சொன்னா? அத்தனை வருசம் எங்கூட்டுல இருந்தா, ஒரு நாளாச்சும் பசிக்குதுன்னு என்கிட்டச் சொல்லியிருப்பாளா? இல்லை. மாட்டுக்கு வாயில்லை, அதனால நான் பாத்துப் பாத்துச் செய்யறன். வாயிருக்கறவ வாயத் தொறக்காம இருந்துட்டு இப்ப ஊரைக் கூட்டி எம் மேல பழி போட்டா, அது நாயமாங்க? இதைத்தான் அங்கியும் கேட்டன். தாரணி வந்திருந்துச்சு, நீங்க போங்கப்பா, ஆப்பரேசன் முடிஞ்சாலும் அம்மா எப்ப வரும்னு அம்மாதான் சொல்லோணும்னுருச்சு. நான் பெத்த புள்ள, வாசலைக் காட்டுது.

சும்மா வரலீங்க. நான் ஆருக்கும் தலை வணங்கறவனில்லை. நீ வர வேண்டாம், உனக்காக ஒண்ணும் நான் வரலை, செவலைக்காகத்தான் வந்தன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டன். செவலைன்னதும் மொகம் மாறிருச்சுங்க அவளுக்கு. என்னாச்சு, பாலு எறக்கறதில்லையா, மடி கல்லாயிருச்சான்னு படபடன்னு கேக்கறா. புருசன் எப்பிடி இருக்கறான், என்னத்தைத் திங்கறான்னு கேக்கலை பாருங்க. மாட்டைக் கேக்கறா. அப்பத்தான் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. அவ கறக்கறப்ப மாட்டுகிட்ட என்னமோ பேசிட்டே இருப்பா. முணுமுணுன்னு சத்தம் கேக்கும். என்ன பேசுவான்னு நான் காது குடுத்ததில்லை, பொம்பளை பேச்சுல என்ன இருக்கப்போகுதுன்னு உட்டுட்டன். அதைத்தான் மாடு தேடுதோ என்னமோ. நீதான் வரமாட்ட, அந்தப் பேச்சையாச்சும் குடுன்னன்.

மாட்டேன்னு சொல்லலைங்க. தாரணி போனை வாங்கிட்டு உள்ளறைக்குப் போயி, செவுத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்து பேசுனா. நான் வாசல்ல நின்னன். வெளிய வந்தப்பக் கண்ணு கலங்கியிருந்துச்சு. மாட்டு மேல அவளுக்கு அத்தனை பாசம். தாரணி அதை என்ற போனுக்கு அனுப்பிருச்சு. பஸ் ஏறுன தொட்டுக் கேக்கலாம்னு பாக்கறன், எந்த எடத்தை அமுத்தறதுன்னு தெரியலை. சித்தெ வெச்சுக் குடுங்க தம்பி. இந்தா, இதுதானுங்க. சத்தத்தைக் கூட்டுங்க.

ம்.

"தின்னியா அம்மிணி? வவுறு ரொம்புச்சா? தண்ணி குடிச்சியா? காலு நோவுதா சாமி, நின்னு நின்னு காலு நோவுதா? சித்தெ நில்லு, இதா ஆச்சு. செரி, செரி. தின்னியா அம்மிணி?"

அவ்வளவுதானுங்களா? இன்னும் இருக்குதா பாருங்க. இல்லையா? மறுக்கா வெய்யுங்க.

ஏனுங், இவ்வளவுதானா? நான் என்னமோ மந்திரம்னு நெனச்சன். தின்னியா, குடிச்சியா, காலு நோவுதா. இதைக் கேக்கறதுக்கா ஒரு பொம்பளை வேணும்? இதுக்கா இத்தனை வீம்பு? போனும் வேண்டாம், ஆளும் வேண்டாம், பொழுதோட உக்காந்து நானே கேட்டுப்போடறன். தின்னியா. இல்லை, அவ கொஞ்சம் இழுத்துச் சொல்றா. தின்னியாஅ. எப்பிடி இருக்குதுங்க? அதட்டற மாதிரியா? செரி இருங்க. தின்னியா அம்மிணி. வவுறு ரொம்புச்சா. இப்ப? ஏன் தம்பி தலைய ஆட்டறீங்க, நீங்க ஒருக்காச் சொல்லுங்க பாக்கலாம். ம், உங்களுக்கு வருது. எனக்குத்தான் தொண்டைக்குள்ளயே நின்னுக்குது. ஆருகிட்டயும் கேட்டுப் பழக்கமில்லீங்க, அதுதான். இந்தா, எங்க ஊர்ப் பிரிவு வந்துருச்சு, கண்டக்டரு, சித்தெ நிறுத்துங்க, எறங்கோணும். கறவைக்கு இன்னும் நேரம் இருக்குது, ஊடு போற வரைக்கும் சொல்லிட்டே நடந்தன்னா வாயில வந்துரும். வராம எங்க போகுது? மாட்டுக்காக நான் எதை வேணாலும் பழகிக்குவன் தம்பி.